மூன்று நண்டுகள் கிடைத்தன

சிங்கப்பூரில் வெல்டிங் பார்க்கிற மச்சான்
போன வருசத்து நாட்காட்டியை
இந்த வருசம் கொண்டுவந்தான்.
'தேதிக்கு இல்ல, எழுத்துக்குப் பாரு' என்றான்.

மாதத்துக்கு ஒரு தாள். பன்னிரண்டிலும் ஒரே கை.
ஃபெங் ஷூமோ:
ஆயிரம் வருசத்துக்கு முந்தின சீனத்து எழுத்துக்காரர்,
அரண்மனையில் யாரையோ பகைத்து
உப்புவரி வசூலிக்கக் கடலோரத்துக்குத் துரத்தப்பட்டவர்.
யார்டில் கூட வேலைபார்க்கும் சீனர் சொல்லச் சொல்ல
ஒவ்வொரு தாளின் முதுகிலும்
பால்பாயிண்டில் தமிழ் எழுதியிருந்தான் மச்சான்.

பெரிய தத்துவம் என்று நினைத்து
மே மாதத்தைத் திருப்பினேன்.

'பல்வலி. மழை விடவில்லை.
வர முடியாது.
நீங்கள் அனுப்பிய மூன்று நண்டுகள் கிடைத்தன.'

இதையா ஒரு ராஜா ஊர் ஊராக ஆள்விட்டு வாங்கினான்?
இதையா தன்னோடு குழியில் வைக்கச் சொன்னான்?
மண்டபம் வடக்குத் துறையில்
நண்டுக் கணக்கு எழுதுகிற ஒவ்வொருத்தனுக்கும்
அப்படியானால் ஒரு ராஜா வேண்டும்.

எனக்கும்கூட.
தடைக்காலம் அறுபத்தோரு நாளும்
கரையேற்றிய விசைப்படகுகளுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
சாக்பீசில் முதலில் விளிம்பு,
பிறகு விளிம்புக்குள் எனாமல்.
படகுக்கு எண்ணூறு ரூபாய், டீ அவர்கள் கணக்கு.

நவம்பர் தாளின் முதுகில் இன்னும் ஒன்று இருந்தது.
ஷூமோ எழுதியது எதுவும் இப்போது இல்லையாம்.
எல்லாம் ராஜாவோடு மண்ணுக்குள்.
நாம் பார்ப்பது பிரதி:
மெழுகு பூசிய மெல்லிய தாளை மேலே விரித்து
மயிரிழையில் விளிம்பு எடுத்து
உள்ளே மை நிரப்பியது.
நிரப்பியவன் பேர் தெரியாது.
அடித்துத் திருத்திய சொல்லை அடித்தபடியே வரைந்திருக்கிறான்.
கடைசி வரியில் ஷூமோவின் தூரிகை காய்ந்துபோயிருக்கிறது.
அந்தக் காய்ச்சலையும் விடவில்லை.

மை தீர்ந்த இடத்தை
மை தொட்டு எப்படி வரைவான்?
ஒரு வாரம் அதுவே யோசனை.

ஆடிக் காற்றில்
நெடுந்தீவுக்குப் பக்கம் பிடிபட்டது சவேரியடிமையின் படகு.
ஐந்து பேர் யாழ்ப்பாணம் சிறையில்.
படகு அக்கரைத் துறைமுகத்தில்.
போனில் வந்த வீடியோவைக் கட்டைவிரலால் நிறுத்தி
அமலோற்பவம் என்னிடம் நீட்டினாள்.
வரிசையாகக் கட்டிய நீலத்தில்
மூன்றாவது படகு.
பாதி நம்பர் அடுத்த படகின் டயருக்குப் பின்னால்.
'அது ஒன் ஏழுதானே?'

என் ஏழுதான்.

சர்டிபிகேட்டு படகோடு போய்விட்டது.
போட்டோ எடுத்த போனும் போய்விட்டது.
சார்ட் பேப்பர் வாங்கி வந்திருந்தாள், நாலு தாள், ஒட்டி.
'எழுதுனது மாதிரியே எழுதிக் குடு.
நாளைக்கு கலெக்டர் ஆபீசு முன்னாடி பிடிக்கணும்.'

சிமெண்டுத் தரையில் விரித்து விளிம்பு எடுத்தேன்.
எம் சரி. நான்கு சரி.
ஏழில் கை நின்றது.

மே மாதம் அந்தப் படகில்
ஏணி சறுக்கி, ஏழின் வாலிலிருந்து
இரண்டு விரல் நீளத்துக்குப் பெயிண்ட் ஒழுகியது.
துணியை எடுத்தேன். சவேரியடிமை சிரித்தான்.
'கெடக்கட்டும் விடு. ஏழு வேர் விட்டுருச்சு.'

கிடத்திய தாளில் எதுவும் தானாக ஒழுகாது.
சின்னப் பிரஷ்சை எடுத்து
ஒழுகலை வரைந்தேன்,
மேலே மெலிந்து, நுனியில் சொட்டுக் கட்டி,
சொட்டுக்குக் கொஞ்சம் இடது சாய்வு,
அன்றைக்குக் கச்சான் அடித்தது.

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
காயுமுன் தூக்கியதில் முழங்கை வரை நீலம்.

போகும்போது என்னையும் ஜெராக்ஸ் கடைக்குக் கூப்பிட்டாள்.
மனுவோடு வைக்க
சிறையிலிருந்து வந்த கடுதாசி:
'சொகமா இருக்கேன்.
வலைய வெயில்ல போடாத.
தாமசுக்குச் செருப்பு வாங்கு.'

மடிப்பு, வியர்வை பட்டுக் கலங்கின ஓரம்,
'செ'யை அடித்து மறுபடி எழுதிய 'செ',
எல்லாம் விழுந்திருந்தது.
காப்பிக்கு இரண்டு ரூபாய்.
இரண்டு எடுத்தாள்.